நோட்டிஃபிகேஷன் தொல்லை: ஒவ்வொன்றாகத் தடுப்பதா, கேள்வியையே மூடிவிடுவதா?

"லேப்டாப்ல வைரஸ் பூந்திடுச்சுடா, ஃபார்மட் பண்ணணுமா?" என்று அப்பா போனில் கேட்டார். வலது பக்கக் கீழ் மூலையில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு பெட்டி எழும்புகிறதாம். 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', 'உங்கள் பாதுகாப்பு இன்றோடு முடிகிறது', நடுநடுவே 'உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது'.

"ஃபார்மட் எல்லாம் வேண்டாம்ப்பா. அந்தப் பெட்டியில சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க" என்றேன். பிரவுசரின் பெயரும் அதன் பக்கத்தில் வாய்க்குள் நுழையாத ஓர் இணைய முகவரியும் இருந்தன. வைரஸ் இல்லை என்பதற்கு அந்தச் சின்ன எழுத்தே போதும். எங்கோ ஒரு வீடியோ பக்கத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோவை அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறார்கள், அப்பாவும் அழுத்தியிருக்கிறார். நோட்டிஃபிகேஷன் அனுப்ப அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதி அது. "முகவரிக்குப் பக்கத்துச் சின்னத்தை அழுத்திப் பார்த்தேன், உள்ளே பூட்டு படம் இருந்துச்சே" என்றார். பூட்டு இருக்கத்தான் செய்யும். ஹெச்டிடிபிஎஸ், அதாவது அந்தப் பூட்டு குறிக்கும் மறையாக்கப்பட்ட இணைப்பு, இல்லாத தளத்துக்கு இந்த அனுமதியைக் கேட்கவே வழி கிடையாது, அதனால் ஏமாற்றுத் தளம் முதல் வேலையாகப் பூட்டை வாங்கி மாட்டிக்கொள்கிறது. அந்தச் சின்னத்தை நம்பிக்கையின் அடையாளமாக மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே 2023-ல் க்ரோம் முகவரிப் பட்டையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

அடுத்த சில வாரங்களில், ஒரே லேப்டாப்பில், இதற்குச் சொல்லப்படும் ஐந்து வழிகளையும் பார்த்துவிட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலை இல்லை. தளங்கள் கேட்பதையே நிறுத்திவிடும் வழிதான் என் கட்சி.

முதலில் சீக்கிரம் கழித்துவிடக்கூடியது ஆன்டிவைரஸ், கிளீனர் வகையறா. அப்பா நான் போவதற்குள்ளேயே ஒரு முழு ஸ்கேன் ஓட்டியிருந்தார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. தளம் கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. பிரவுசரின் அனுமதிப் பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது, அனுப்பும் செய்தி பிரவுசர் நிறுவனத்தின் புஷ் சர்வர் வழியாக முறைப்படியே வந்து சேருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த முகவரியைத் தேடலில் போட்டால் 'இந்த வைரஸை நீக்குவது எப்படி' என்று பக்கம் பக்கமாக வரும். பாதிக்கு மேல் கடைசியில் ஏதோ ஒரு கிளீனரை விற்பவை. அதை நம்பி இன்ஸ்டால் செய்தால், இல்லாத வைரஸுக்குப் பதிலாக இருக்கிற ஒரு தொல்லை வந்து சேரும்.

இரண்டாவது, விண்டோஸ் செட்டிங்ஸுக்குப் போய், நோட்டிஃபிகேஷன் பட்டியலில் பிரவுசரையே அணைத்துவிடுவது. பத்து விநாடி வேலை, உடனே அமைதி. அவசரத்துக்கு, அதாவது ஆள் போனில் பதறிக்கொண்டிருக்கும்போது, இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் அனுமதி அப்படியே இருக்கிறது, வாயில் மட்டும் துணி கட்டியிருக்கிறோம். மறுநாளே அப்பாவின் வெப் மெயிலும் வாட்ஸ்ஆப் வெப்பும் ஊமையாகிவிட்டன என்று புகார் வந்தது. பிரவுசர் வழியாக எந்த அறிவிப்பும் தேவைப்படாதவர்களுக்கு இதுவே போதும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாவது, விளம்பரத் தடுப்பான் எக்ஸ்டென்ஷன். இதைப் பற்றி நான் பெரிதாகப் பேசக்கூடாது, மூன்று வாரம்தான் ஓட்டினேன். அந்த மூன்று வாரத்தில் கண்டது, இது வருமுன் காப்பது, வந்ததைத் தீர்ப்பது இல்லை. இந்த மாதிரித் தளங்களுக்கு யாரும் முகவரி தட்டச்சு செய்து போவதில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் பின்னால் இன்னொரு டேபைத் திறந்துவிடும் விளம்பரம்தான் அங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது. அந்த விளம்பரத்தை வெட்டினால் பாதி வழி அடைபடும். ஆனால் ஏற்கனவே கொடுத்த அலோவை அது திரும்பப் பெறாது. தவிர, எக்ஸ்டென்ஷனுக்கும் பராமரிப்பு உண்டு. க்ரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியபோது பழைய யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானை நம்பியிருந்தவர்கள் எல்லாம் லைட் பதிப்புக்கோ வேறு பிரவுசருக்கோ மாற வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அந்த அலைச்சலை வைக்க எனக்கு மனமில்லை.

ஆக உண்மையான போட்டி மீதி இரண்டுக்கும் இடையில்தான். ஒவ்வொரு தளமாகப் பிடித்துத் தடுப்பது ஒன்று. புதிதாக எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடி மூடிவிடுவது மற்றொன்று.

ஒவ்வொன்றாகத் தடுப்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், நானும் அதைத்தான் முதலில் செய்தேன். க்ரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே 'அனுப்ப அனுமதி பெற்றவை' என்ற பட்டியல். அப்பாவின் லேப்டாப்பில் அதில் 14 வரிகள். அவற்றில் இரண்டுதான் தெரிந்த பெயர். மற்றவை எல்லாம் ஒரே முகவரியின் வால், முன்னால் மட்டும் எழுத்தும் எண்ணும் மாறி மாறி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று புள்ளி. அதை அழுத்தினால் பிளாக், எடிட், ரிமூவ். இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தேன். நீக்குவதுதானே நோக்கம் என்று எல்லாவற்றுக்கும் ரிமூவ் கொடுத்தேன். ரிமூவ் என்றால் 'இந்தத் தளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற பழைய நிலைக்குப் போவது, அடுத்த முறை அந்தப் பக்கம் திறந்தால் மறுபடி கேட்கும். பிளாக் கொடுத்தால்தான் கேட்காது. ஒரு வாரத்தில் நான்கு வரிகள் திரும்ப வந்திருந்தன.

சரி, இந்த முறை எல்லாவற்றுக்கும் பிளாக். அதற்கடுத்த வாரம் புதிதாக மூன்று. எழுத்து வேறு, எண் வேறு, வால் மட்டும் அதே.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது, மற்ற எதையும்விட இதைத்தான் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். பிரவுசர் அனுமதியைப் பதிவு செய்வது தளத்தின் உரிமையாளர் பெயரில் இல்லை, முழு முகவரியின் பெயரில். முன்னொட்டு ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் கண்ணுக்கு அது வேறு ஆள். ஏமாற்றுத் தளம் நடத்துபவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் பிளாக் அழுத்திய அந்த நொடியில் பக்கம் தானாக இன்னொரு துணை முகவரிக்குத் தாவி, அங்கே புதிதாக அதே கேள்வியைக் கேட்கிறது. மறுபடி பிளாக், மறுபடி தாவல். எரிச்சலில் யாராவது ஒரு முறை அலோவை அழுத்தத்தான் செய்வார்கள், வியாபாரமே அந்த ஒரு அழுத்தலை நம்பித்தான். கேள்விப் பெட்டியைப் பதில் சொல்லாமல் மூன்று முறை மூடினால் அந்தத் தளத்தைக் க்ரோம் ஒரு வாரத்துக்குக் கேட்கவிடாது. நல்ல விதிதான். ஆனால் அதுவும் முகவரி வாரியாகத்தான் எண்ணும், தாவுகிறவருக்கு அது தடையே இல்லை.

ஆக ஒவ்வொன்றாகத் தடுப்பதில் பிழை ஒன்றும் இல்லை, அது முடியாத வேலை என்பதுதான் பிரச்சினை. வாரம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்த யாராவது எங்கள் வீட்டில் நான். தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு, மாதம் ஒன்றோ இரண்டோதான் வருகிறது என்றால், இந்த வழியே தாராளமாகப் போதும். கம்ப்யூட்டர் ஒருவரிடமும் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இன்னொருவரிடமும் இருக்கும் வீடுகளில் இது நடக்காது.

கேள்வியை மூடுவது அதே பக்கத்தின் மேலேயே இருக்கிறது. 'தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதிக்க வேண்டாம்' என்ற தேர்வு. ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி பகுதியில் பெர்மிஷன்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குப் பக்கத்து செட்டிங்ஸ் பட்டனுக்குள் 'புதிய கோரிக்கைகளைத் தடு' என்ற டிக். மேக்கில் சஃபாரி என்றால் வெப்சைட்ஸ் டேபில் நோட்டிஃபிகேஷன்ஸ், அடியில் 'தளங்கள் அனுமதி கேட்கலாம்' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். சஃபாரியில் நான் இதை நண்பரின் கணினியில் ஒரே ஒரு முறை செய்ததுதான், ஆதலால் நீண்ட அனுபவம் என்று சொல்ல முடியாது.

இதிலும் ஒரு பொறி உண்டு, பலர் விழுவது இதில்தான். மேலே உள்ள தேர்வை மாற்றியதும் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிடுவார்கள். நிற்காது. அந்தத் தேர்வு இனி வருகிறவர்களுக்குத்தான், ஏற்கனவே அனுமதி வாங்கி உள்ளே வந்தவர்கள் விதிவிலக்காகப் பட்டியலிலேயே இருப்பார்கள், அனுப்பிக்கொண்டும் இருப்பார்கள். ஆகவே ஒரே ஒரு முறை பட்டியலைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இப்போது ரிமூவ் கொடுத்தாலும் பரவாயில்லை, பழைய நிலை என்பதே 'தடு' ஆகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் மொத்தமாக நீக்க ஒரு பட்டன் இருக்கிறது. தேவையான இரண்டு மூன்று தளங்கள் அந்தப் பட்டியலில் இருந்தால், அதை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. 'நாளைக்கு ஒரு நல்ல தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் வேண்டும் என்றால்?' அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடது பக்கம் இருக்கும் சின்னத்தை அழுத்தி, அங்கே நாமே அனுமதிக்கலாம், அல்லது செட்டிங்ஸ் பட்டியலில் முகவரியைச் சேர்க்கலாம். அப்பாவின் மெயிலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் அப்படித்தான் செய்தேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. வருஷத்துக்கு எத்தனை முறை இது தேவைப்படும்? ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் தன் பயனர்களிடம் அளந்து பார்த்தபோது, காட்டிய கேள்விகளில் ஏறக்குறைய 99% அனுமதி கிடைக்காமலே போனதாகச் சொன்னது. அதன் பிறகுதான் 2020 ஜனவரியில், பக்கத்தில் எங்காவது நாம் தொடும்வரை கேள்விப் பெட்டியை எழும்பவிடாமல் வெறும் சின்னமாகச் சுருக்கியது. நூற்றில் ஒன்றுக்காக வாசற்கதவைத் திறந்தே வைத்திருப்பானேன்?

பிரவுசர்களே இப்போது இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. 2020-லேயே க்ரோம் கேள்வியை அமைதியாகக் காட்டும் முறையைக் கொண்டுவந்து, ஏமாற்றுகிற தளங்களைத் தானாக அதில் தள்ளியது. 2025 அக்டோபரில், அதிகம் அனுப்பியும் பயனர் கண்டுகொள்ளாத தளங்களின் அனுமதியைத் தானே பறிக்கும் வசதியை அறிவித்தது. வரும் நோட்டிஃபிகேஷன்களில் 1%-க்கும் குறைவானதைத்தான் மக்கள் தொடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நல்லதுதான். ஆனால் அந்த வசதி ஒரு தளத்தைக் கண்டுபிடித்து அகற்றும்வரை, 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' பெட்டியை அப்பா பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஏதாவது ஒரு நாள் அதை அழுத்தவும் செய்வார். தானியங்கியை நம்பி நான் காத்திருக்கவில்லை.

ஆண்ட்ராய்டு போனில் கதை கொஞ்சம் எளிது. வந்த நோட்டிஃபிகேஷனையே நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் அந்தத் தளத்தை மட்டும் அணைக்கலாம், பல போன்களில் க்ரோம் அதிலேயே 'அன்சப்ஸ்கிரைப்' பட்டனையும் காட்டுகிறது. ஆனால் அதுவும் ஒவ்வொன்றாகத் தடுக்கும் கதைதான். அங்கேயும் க்ரோமின் சைட் செட்டிங்ஸில் கேள்வியை மூடிவிட்டேன். ஐபோனில் இந்த வம்பு குறைவு. 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 பதிப்பில்தான் தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதியே (வெப் புஷ்) வந்தது, அதுவும் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த தளங்களுக்கு மட்டும்.

மூடி நான்கு மாதம் ஆகிறது. அப்பாவின் பட்டியலில் இன்றும் அதே இரண்டு வரிகள்தான். நடுவில் ஒரு நாள் மட்டும் "திரும்ப வந்திடுச்சுடா" என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால், அதே லேப்டாப்பில் தங்கை வைத்திருக்கும் இன்னொரு க்ரோம் ப்ரொஃபைல், அதாவது அவளுக்கென்று தனி அமைப்புகள் கொண்ட க்ரோம். அனுமதிகள் ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் தனி, அதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் பட்டியலில் 22 வரிகள் இருந்தன.