பரணில் வைத்த நாலு பாட்டில்: 13 வருஷ பீர் நோட்டிலிருந்து

2012 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது நாலு பாட்டில் கோதுமை பீர் வாங்கி வந்தேன். அரை லிட்டர் வீதம் நாலு. வெளிநாட்டிலிருந்து வருபவர் 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் கணக்கு சரியாக இருந்தது. அழுக்குத் துணியில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்து, ஒன்றுகூட உடையாமல் விருகம்பாக்கம் வந்து சேர்ந்தது. விசேஷம் ஏதாவது வரட்டும், மச்சான் வரும்போது திறக்கலாம் என்று பரணில் ஏற்றி வைத்தேன்.

மச்சான் வந்தது மே மாசம். அக்னி நட்சத்திரம். பாட்டில்களை இறக்கி, ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, ராத்திரி மொட்டைமாடியில் திறந்தோம். முனிக்கில் குடித்தபோது அந்த பீரில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் அப்படி மணந்தது. இங்கே மூக்கை வைத்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். நுரை எழும்பிய வேகத்தில் அடங்கிவிட்டது. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா மாமா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார். பீர் மேல் தப்பில்லை. ஓட்டுக்கு அடியில் மாதிரி சுடும் பரணில் ஆறேழு மாசம் அதை வேக வைத்தது நான்தான்.

அன்றைக்குத்தான் 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எந்த ஊர், என்ன பீர், லேபிளில் என்ன தேதி, எவ்வளவு சில்லென்று இருந்தது, கூட என்ன சாப்பிட்டேன். ஒரகடத்தில் வாகன உதிரிபாக வேலை என்பதால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வெளிநாட்டுப் பயணம் அமையும். போகிற இடத்தில் அந்த ஊர் பீர் மட்டும்தான். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: பீர் என்பது பால், காய்கறி மாதிரி. பிராண்டைவிட அது எப்போது காய்ச்சியது, எங்கே வைத்திருந்தது என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது.

இதை முழுசாகப் புரிய வைத்த ஊர் செக் நாட்டின் பில்சன். 1838இல் அந்த ஊர்க்காரர்கள் கெட்டுப்போன பீர் 36 பீப்பாயை நகரமன்றத்துக்கு முன்னாலேயே கொட்டிவிட்டார்களாம். அப்புறம் ஊரே சேர்ந்து புதிதாக ஒரு ஆலை கட்டியது. பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்பவரைக் கூட்டி வந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் பில்ஸ்னர். இன்றைக்கு நம் ஊர்க் கடையில் மஞ்சளாக, தெளிவாக இருக்கும் லாகர் வகை பீர் எல்லாவற்றுக்கும் மூதாதை அதுதான். அந்த ஊர்த் தண்ணீரில் உப்பே கிடையாது என்று சொல்லலாம், அவ்வளவு மென்மை. அதனால்தான் பீரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கை உறுத்தாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. போர் தண்ணீரில் காபி போட்டுக் குடித்துப் பார்த்த சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர் செய்யும் வேலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆலையைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் பாதாள அறைக்குக் கூட்டிப் போகிறார்கள். வெளியே ஜூன் வெயில், உள்ளே எனக்குப் பல் தந்தியடித்தது. ஓக் மரப் பீப்பாயிலிருந்து, வடிகட்டாத, சூடுபடுத்தாத பீரை நேராகக் கிளாஸில் பிடித்துத் தருகிறார்கள். லேசாகக் கலங்கலாக இருந்தது. புது ரொட்டி வாசம், பின்னால் பச்சைப் புல் மாதிரி ஒரு வாசம், விழுங்கிய பிறகு நின்று நிதானமாக வரும் கசப்பு. அதே பெயர் போட்ட பாட்டிலை முன்பு ஒரு விமான நிலையத்தில் வாங்கிக் குடித்து, 'சுமார்' என்று நோட்டில் எழுதியிருந்தேன். பில்சனிலிருந்து வந்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் விஷயமே வேறு. அங்கே பீருக்கு கொல்ஷ் என்று பெயர். அந்த நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் காய்ச்சினால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1986இல் ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். கிளாஸ் வெறும் 200 மில்லி, ஒல்லியாக, உயரமாக இருக்கும். நம் காபி டம்ளரைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பீர் சூடாவதற்குள் காலியாகிவிட வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். பரிமாறுபவர் கேட்காமலேயே காலி கிளாஸை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்து, அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டும். எனக்கு இது தெரியாமல் நாலாவது கோடு வரைக்கும் போய்விட்டது. பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர்தான் தன் அட்டையை எடுத்து மூடிக் காட்டினார். சென்னைக்கு வந்ததும் நான் முதலில் மாற்றிக்கொண்டது இதைத்தான். பெரிய மக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன கிளாஸுக்கு வந்தேன். 35 டிகிரி சாயங்காலத்தில் 650 மில்லி பாட்டிலை ஒரே மக்கில் கவிழ்த்தால் பாதிக்கு மேல் வெந்நீர்தான்.

ஜெர்மனியிலேயே பாம்பெர்க்கில் புகை பீர். பீச் மர விறகுப் புகையில் பார்லி முளையை உலர்த்துகிறார்கள். முதல் வாயில் கருவாடு சுட்ட அடுப்பங்கரை, மூன்றாவது கிளாஸில் பழகிவிட்டது. ஒரு தடவை குடித்தேன், போதும்.

வியட்நாமின் ஹனோயை அப்படித் தாண்ட முடியாது. பியா ஹோய் என்றால் அன்றன்றைக்கு வரும் புது பீர். பெரும்பாலும் நாலு விழுக்காட்டுக்குக் கீழேதான் இருக்கும். பீப்பாய் காலியானால் கடையில் அன்றைய வியாபாரம் முடிந்தது. பிளாட்பாரத்தில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல், உடைந்த கண்ணாடியை உருக்கி ஊதிய பச்சை நிற கிளாஸ், தட்டில் வேர்க்கடலை. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போகும். ருசி என்று தனியாகப் பிரித்தால் பெரிதாக எதுவும் இல்லை, லேசான பீர்தான். ஆனால் புழுக்கமான ஊருக்கு எப்படிப்பட்ட பீர் வேண்டும் என்பதை அந்த ஊர் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. வெயிலில் நமக்கும் வேண்டியது அதுதான்.

சிங்கப்பூரில் டைகர். 1932இல் அங்கே காய்ச்ச ஆரம்பித்த பீர். தேக்கா பக்கம் அண்ணன் வீட்டில் தங்கும்போது, உணவங்காடியில் ஒரு பெரிய பாட்டிலை வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்துகொள்வோம். கூட மீன் தலைக் கறி. வார நாளில் கடையில் வாங்கிக்கொண்டு போவதென்றால் ராத்திரி பத்தரைக்குள் வாங்கிவிட வேண்டும். அதற்கு மேல் காலை 7 மணி வரை விற்கவும் கூடாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 8.8 விழுக்காடு, கரிய நிறம், கருப்பட்டியும் காபிக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு போல. அதைச் சில்லென்று குடித்தால் வீண். நுவரெலியா குளிரில், ஃபிரிட்ஜ் பக்கமே போகாத பாட்டிலை ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். வெளிநாட்டு ஸ்டவுட் எதையும் அதற்கு மேலே நான் வைக்க மாட்டேன்.

சரி, சென்னைக்கு வருவோம். கவுன்டரில் முதல் கேள்வியே "கூலிங்கா, சாதாவா?" என்பதுதான். நான் சாதா கேட்பேன், அதுவும் புதிதாகப் பிரித்த அட்டைப்பெட்டியிலிருந்து. வாங்கியதும் லேபிளில் தேதியைப் பார்ப்பேன். இரண்டு மாசத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்வேன், மூன்றைத் தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பச்சை பாட்டிலையும் வெள்ளை பாட்டிலையும் தொடுவதில்லை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து ஒரு வகைக் கந்தக நாற்றம் வந்துவிடும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கிறது. டின்னில் வெளிச்சம் புகவே வழியில்லை.

வீட்டில் ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் நிற்க வைப்பேன், படுக்க வைக்க மாட்டேன். ஃப்ரீசரில் போடுவதே இல்லை. உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் நாக்கு மரத்து, எல்லா பீரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுத்தது கிளாஸ். நம் வீட்டுக் கிளாஸில் எண்ணெய், சோப்பு ஏதாவது ஒட்டியிருக்கும். இரண்டும் நுரையைக் கொன்றுவிடும். பீர் ஊற்றியதும் பக்கவாட்டில் குமிழ்கள் அப்பிக்கொண்டு நின்றால் அந்த இடம் சுத்தமில்லை என்று அர்த்தம். நான் கல் உப்பைப் போட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து வைக்கிறேன். அதற்குப் பிறகு விழும் நுரை, கடைசி வாய் வரைக்கும் கிளாஸில் வளையம் வளையமாகப் படிந்துகொண்டே வரும்.

பெரியப்பா காலத்தில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கிளாஸில் தலைகீழாகக் கவிழ்த்து, கிளிசரினை எடுக்கிறோம் என்பார்கள். கனமாக ஏதோ இறங்குவது கண்ணுக்கே தெரியும். இறங்குவது பீர்தான். கரைந்த சர்க்கரையால் அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் கீழே இறங்குகிறது, அதற்குப் பதில் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது. இன்னும் சிலர் இதைச் செய்வதைப் பார்க்கிறேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ராங் பீரை நான் நிறுத்தி எட்டு வருஷமாகிறது. 8 விழுக்காடு என்றால் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால், 5 விழுக்காட்டில் 32.5 மில்லிதான். போதைக்காக வாங்குபவர்களுக்கு அது சரி. ருசிக்காக என்றால், அந்த இனிப்பும் காட்டமும் எதனோடும் ஒத்துப்போவதில்லை. லைட் பீருக்குத் தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டலும், காரம் அடக்கி வறுத்த நெத்திலியும் அவ்வளவு பொருத்தம். மிளகாய் தூக்கலான வறுவல் வேண்டாம், கசப்பும் குமிழும் சேர்ந்து எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும்.

போன வருஷம் மொட்டைமாடியில் ஒரு சோதனை வைத்தேன். திருவள்ளூர் மாவட்டத்தில் காய்ச்சியதாக லேபிள் போட்ட கிங்ஃபிஷர், மூன்று வாரம் ஆனது. அதே பீர், ஐந்து மாசம் ஆனது. இறக்குமதியான ஜெர்மன் டின் ஒன்று, தேதி முடிய இரண்டு மாசம் பாக்கி. கிளாஸுக்கு அடியில் எண் ஒட்டி, மச்சானுக்கும் இரண்டு நண்பர்களுக்கும் கொடுத்தேன். மூன்று பேருமே மூன்று வார கிங்ஃபிஷரைத்தான் முதலில் வைத்தார்கள். ஜெர்மன் டின் இரண்டாவது. விலையில் அது பல மடங்கு. ஐந்து மாசத்துக் கிங்ஃபிஷரை வேறு கம்பெனி பீர் என்றே நினைத்திருந்தார்கள்.

எனக்கு உள்ள ஏக்கம் கோதுமை பீர் மேல்தான். அந்த வாழைப்பழ வாசத்துக்காக வருஷத்துக்கு இரண்டு தடவை பெங்களூருக்கு ரயிலேறுகிறேன். இந்திரா நகர் டாய்ட்டில் 2010இலிருந்து அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றுகிறார்கள். பெல்ஜிய வகைக் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். நம் வீட்டுத் தனியாதான். ரசப்பொடி திரிக்கும்போது வரும் முதல் வாசம் அந்தக் கிளாஸில் இருக்கும். சங்கப் பாடல்களில் நெல்லில் வீட்டிலேயே செய்த கள்ளுக்குத் தோப்பி என்று பேர். தானியத்தைப் புளிக்க வைத்து, வீட்டிலேயே செய்து குடித்த ஊர் இது. நம் தனியாவும் நம் அரிசியும் போட்டு, சென்னையிலேயே காய்ச்சிய ஒரு பீரை அது காய்ச்சிய வாரத்திலேயே குடித்துவிட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். நோட்டில் அதற்கென்று ஒரு பக்கத்தை விட்டு வைத்திருக்கிறேன்.