வளர்ப்பறைக் கூரையில் ஸ்ட்ரட் சேனல்: விளக்கு தொங்கவிட்டுப் பார்த்த அனுபவம்

அறைக்குள் விளக்கொளியில் செடி வளர்க்க எல்இடி வாங்குகிறவர்கள் வாட் பார்ப்பார்கள், ஸ்பெக்ட்ரம் பார்ப்பார்கள், வாரண்டி பார்ப்பார்கள். அதை எதில் மாட்டுவது என்பது மட்டும் ஏணி மேல் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வரும். கூரையில் நாலு கொக்கி போதாதா என்றால், ஒரே விளக்குக்குப் போதும். இரண்டு மூன்று விளக்கு என்று ஆனதும் கொக்கி இருக்கிற இடம்தான் விளக்கின் இடம், விளக்கு இருக்கிற இடம்தான் செடியின் இடம் என்று ஆகிவிடும். செடித் தட்டை ஒரு சாண் தள்ளிவைக்க வேண்டுமானால் மறுபடி ட்ரில்லும் தூசியும்தான்.

நான் போட்டிருப்பது 41 மி.மீ.க்கு 41 மி.மீ. ஸ்ட்ரட் சேனல். பெரிய கட்டடங்களில் கேபிள் ட்ரேயையும் தண்ணீர்க் குழாயையும் தாங்கிக்கொண்டு கிடக்குமே, வாய் திறந்த இரும்புப் பட்டை, அதேதான். 1924 முதல் யூனிஸ்ட்ரட் என்ற பெயரில் விற்கிறார்கள். இன்று அதே அளவில் பலரும் செய்வதால், ஒருவருடைய சேனலில் இன்னொருவருடைய நட் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.

அமைப்பு எளிது. கான்கிரீட்டில் எம்10 ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும், 10 மி.மீ. மரை), அதிலிருந்து திரெட் ராடு (முழுக்க மரை வெட்டிய கம்பி), ராடில் நீளவாக்கில் இரண்டு சேனல், அவற்றின் அடியில் குறுக்குச் சேனல்கள். எல்லாவற்றின் வாயும் கீழே பார்க்க வேண்டும். குறுக்குச் சேனலின் முதுகிலுள்ள துளை வழியே போல்ட்டை மேலே ஏற்றி, நீளச் சேனலுக்குள் ஸ்பிரிங் தாங்கி நிற்கும் நட்டில், அதாவது ஸ்பிரிங் நட்டில், முறுக்குகிறோம். போல்ட்டைத் தளர்த்தினால் குறுக்குச் சேனல் முன்னும் பின்னும் நகரும். குறுக்குச் சேனலில் விளக்கு தொங்கும், வளையத் தலை கொண்ட ஐ போல்ட்டைத் தளர்த்தினால் விளக்கு இடமும் வலமும் நகரும். கூரையைத் தொடவே வேண்டாம். காசு கொடுத்தது இதற்காகத்தான், மற்றதெல்லாம் கூடுதல்.

சேனலை நேரே கூரையோடு ஒட்டி அடிக்காமல் ராடில் தொங்கவிடச் சொல்வேன். எந்தத் தளமும் நேராக இருப்பதில்லை. ராடில் இருந்தால் நட்டை அரைச்சுற்று திருகினாலே ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்துவிடும். எம்10 டிராப்-இன் ஆங்கருக்கு 12 மி.மீ. பிட், சுமார் 40 மி.மீ. ஆழம். துளையிலிருக்கும் தூளை ஊதி எடுக்காமல் ஆங்கரை அடித்தால் பிடிப்பு இருக்காது. போஸ்ட் டென்ஷன் தளம் (உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி ஓடும் கான்கிரீட்) என்றால் ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் மாட்டலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. அது பலகையைத் தாங்கச் செய்தது.

41-க்கு 21 என்று பாதி உயரச் சேனலும் விற்கிறார்கள், எடையும் விலையும் குறைவு. ஆனால் உயரம் பாதியானால் விறைப்பும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தாங்கிகளுக்கு இடையிலான தூரமும் இப்படித்தான் ஏமாற்றும். நடுவில் ஒரே எடை தொங்கினால், தூரம் இரட்டிப்பாகும்போது தொய்வு எட்டு மடங்கு. அதனால் 1.2 மீட்டருக்கு ஒரு ராடு என்று வைத்திருக்கிறேன். 600 வாட் பார் விளக்கு (நீளப் பட்டைகளாக இருப்பது) ஒன்று 10 முதல் 14 கிலோ வரும். சேனலே மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ, இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி குறைகள். ஸ்பிரிங் நட்டைக் குறுக்கே நுழைத்துக் கால்சுற்று திருப்பினால், அதன் பள்ளங்கள் சேனலின் மடிந்த உதட்டில் டக்கென்று உட்கார வேண்டும். நல்ல நட்டில் அந்தச் சத்தம் கேட்கும், விரலிலும் தெரியும். எனக்கு வந்த பொட்டலத்தில் பாதி நட்டுகளில் ஸ்பிரிங் கையோடு கழன்று வந்தது. தலைக்கு மேல் கையை நீட்டி, ஒரு கையில் ஸ்பானரோடு, உள்ளே சாய்ந்து கிடக்கும் நட்டைத் தேடுவது பொறுமைக்கு வைத்த பரீட்சை. வேறு இடத்தில் வாங்கி மாற்றினேன். முழு உயரச் சேனலுக்கு நீள ஸ்பிரிங், பாதி உயரத்துக்குக் குட்டை ஸ்பிரிங், கேட்டு வாங்குங்கள்.

துருவும் உண்டு. ப்ரீ-கால்வனைஸ்டு சேனலில் தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய பிறகுதான் துளை போடுகிறார்கள், அதனால் துளை ஓரங்கள் வெற்று இரும்பு. வளர்ப்பறை ஈரத்தில் அங்கேதான் முதலில் பழுப்பு ஏறுகிறது. அறுத்த முனைகளை அரம் போட்டு, துத்தநாக ஸ்பிரே அடித்தேன். ஈரம் மிகுந்த அறைக்கு ஹாட்-டிப் (செய்து முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியது) வாங்குவதே மேல், லெட்யூஸ் கீரையின் இலையில் துருச் சொட்டு விழுந்தால் அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

விளக்கை ஏற்றி இறக்க அதோடு வந்த கயிறு ராட்செட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜோடி 68 கிலோ தாங்கும் என்று பெட்டியில் இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பல். கயிறு நார் விடத் தொடங்கியதும் பல் வழுக்கி, விளக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போது உலோகப் பல் ராட்செட், அதோடு ஒவ்வொரு விளக்குக்கும் சேனலிலிருந்து தனியாக ஒரு பாதுகாப்பு வயர்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒளி சமமாக விழுவதற்கு. செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பிஏஆர் மீட்டரை வைத்துப் பார்த்தபோது நடுவில் 260, மூலையில் 150 (சதுர மீட்டருக்கு விநாடிக்கு மைக்ரோமோல் கணக்கில்). ஓரத்து விளக்குகளைச் சுவர்ப் பக்கம் ஒரு சாண் தள்ளியதும் நடு 225-க்கு இறங்கி, மூலை 190-க்கு ஏறியது. வாட் ஒன்றுகூடக் கூட்டவில்லை. 200 மைக்ரோமோல் 16 மணி நேரம் எரிந்தால் சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 11.5 மோல், 250 என்றால் 14.4. லெட்யூஸ் இந்த வித்தியாசத்தைத் தலையின் கனத்தில் காட்டிவிடும்.

மின்சார வேலைக்கும் சேனல் வசதி. வயரை வாய்க்குள் படுக்கவைத்து பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் புழங்கும் அறையில் தலைக்கு மேல் இத்தனை இரும்பு, அதனால் சட்டம் முழுக்க எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடியும் கட்டாயம். பிளக்குக்கு முன்னால் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும்; வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

டென்ட்டில் (செடி வளர்ப்பதற்கான துணிக் கூடாரம்) வளர்ப்பவர்களுக்கு இது வேண்டாம், டென்ட்டின் குறுக்குக் கம்பியே அதற்குத்தான். அறை முழுக்கத் தட்டு வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கூடவே சேனல் முனைக்கான பிளாஸ்டிக் மூடிகளையும் மறக்காமல் வாங்குங்கள். உயரம் குறைந்த அறையில் அந்த முனை சரியாக நெற்றி மட்டத்துக்கு வரும்.