செய்தி வந்ததும் ஓடிப்போய்ப் பங்கு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2022 ஜூலை இரண்டாம் பாதியில், சாதனா பிராட்காஸ்ட் என்ற சின்ன நிறுவனத்தைப் பற்றி இரண்டு யூடியூப் சேனல்களில் வீடியோக்கள் வந்தன. அதானி குழுமம் இதை வாங்கப்போகிறது என்றார்கள். நான்கு பக்திப் படங்கள் எடுக்க அமெரிக்க நிறுவனம் ஒன்று 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது என்றார்கள். எல்லாம் பொய். காசு கொடுத்து விளம்பரம் செய்து வீடியோக்களைப் பரப்பினார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவு சொல்வதன்படி, அந்தப் பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்கள் 2,167 பேரிலிருந்து 55,343 பேராகப் பெருகினார்கள். அவர்களிடம் விற்றுவிட்டு வெளியேறியவர்களில் நிறுவனத்தின் முக்கிய உரிமையாளர்களான புரமோட்டர்களும் இருந்தார்கள். 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டு, முறைகேடான லாபம் என 41.85 கோடி ரூபாயைக் கணக்கிட்டது. அதற்குள் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டாயிற்று.

பொய்ச் செய்தி என்பதால்தான் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். உண்மைச் செய்தியிலும் வரிசையில் கடைசி ஆள் நீங்கள்தான். இயக்குநர் குழுக் கூட்டம் முடிந்து 30 நிமிடத்தில் முடிவைச் சந்தைக்குச் சொன்னால் போதும். சந்தை மூடியபின் கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம். நிறுவனத்துக்குள் நடக்கும் மற்ற முக்கிய விஷயங்களுக்கு 12 மணி நேரம். அறிவிப்பு பிடிஎஃப்பாக ஏறிய நொடியில், சந்தையின் சர்வர் பக்கத்திலேயே கணினி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் அல்கோ, அதாவது தானாக வாங்கி விற்கும் மென்பொருள், அதைப் படித்து ஆர்டர் போட்டுவிடும். டிவியில் சிவப்புப் பட்டை ஓடுவதும், வாட்ஸ்அப் குழுவில் வருவதும் அதற்கு வெகு பின்னால்.

எச்டிஎஃப்சி வங்கியைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 4 காலையில் எச்டிஎஃப்சி நிறுவனத்துடன் இணைப்பு என்று அறிவிப்பு. 1,506 ரூபாயில் இருந்த பங்கு அன்று 10% அளவுக்கு ஏறி 1,650-ஐத் தாண்டி முடிந்தது. இரண்டு வாரத்தில் 1,400 பக்கம். நல்ல வங்கி, உண்மைச் செய்தி; அன்று உச்சத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் அடி.

சின்னப் பங்குகளில் இன்னொரு கண்ணி உண்டு, அப்பர் சர்க்யூட்; ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்ச வரம்பு அது. ஒரு நாளில் 5%-க்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாத பங்கு செய்தியால் உச்சத்தில் பூட்டிக்கொண்டால் விற்க ஆள் இருக்காது. உங்கள் ஆர்டர் லட்சக்கணக்கான பங்குகளுக்குப் பின்னால் காத்திருக்கும். அது எப்போது நிறைவேறும்? மொத்தமாக வைத்திருப்பவர் கொட்டத் தொடங்கும்போது. பங்கு கிடைத்துவிட்டது என்பதே கெட்ட அறிகுறி. மறுநாள் லோயர் சர்க்யூட்டில், அதாவது கீழ் வரம்பில், பூட்டினால் விற்கவும் முடியாது.

விலை குறிப்பிடாமல், கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடவே போடாதீர்கள். திரையில் விலை 84 ரூபாய். ஆனால் 84-க்கு 150 பங்கு, 84.50-க்கு 250, 85.40-க்கு 600 என்று விற்பனை நிற்கிறது. 1,000 பங்கு கேட்டால் சராசரி 84.97. வாங்கும்போதே 1% மேல் போயிற்று. டெலிவரிக்கு, அதாவது அன்றே விற்காமல் கையில் வைத்திருக்க, வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி தனி.

வாங்கியே தீருவேன் என்றால், முதலில் என்எஸ்இ அல்லது பிஎஸ்இ பங்குச் சந்தையின் தளத்தில் நிறுவன அறிவிப்புகள் பகுதியைத் திறந்து, அந்தச் செய்தி அங்கே இருக்கிறதா, எத்தனை மணிக்கு ஏறியது என்று பாருங்கள். இல்லையென்றால் அத்தோடு விடுங்கள். இருந்தால், அதற்கு முந்தைய 10 வர்த்தக நாட்களின் வால்யூமை, அதாவது எத்தனை பங்குகள் கைமாறின என்பதை, பாருங்கள். முன்பே பெருகியிருந்தால் தெரிந்தவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள். ‘500 கோடி ஆர்டர்’ என்றால் எத்தனை ஆண்டுக்கு, ஆண்டு வருமானத்தில் எத்தனை சதவீதம், லாப விகிதம் என்ன என்று கணக்குப் போடுங்கள். 8% லாபத்தில் ஐந்தாண்டு வேலை என்றால் ஆண்டுக்கு வெறும் 8 கோடி. சந்தை மதிப்பு ஒரே நாளில் 300 கோடி ஏறியிருந்தால் அந்த விலைக்கு நியாயம் இல்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், வீடியோ முகவரி, சேனல் பெயர், டெலிகிராம் செய்தியின் தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், தரகர் அனுப்பிய வர்த்தக ரசீதான கான்ட்ராக்ட் நோட் எல்லாவற்றையும் இன்றே சேமித்து, செபியிடம் புகார் கொடுங்கள். இந்தச் சேனல்கள் பதிவுகளை அழிக்க ரொம்ப நேரம் எடுப்பதில்லை.