இயற்கை மாம்பழம் வாங்கும் 'நேரடி' ஆப்புக்குக் காய் ஏற்றும் முன் இதைப் படிங்க: ரூ. 78,400 போச்சு

78,400 ரூபாய். 1,240 கிலோ இமாம்பசந்த் ஏற்றி அனுப்பியதில் வர வேண்டிய பாக்கி. இனி வராது என்பது நேற்று ராத்திரி வந்த மெசேஜில் தெரிந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். நத்தம் பக்கம் மட்டுமில்லை, பெரியகுளம், சேலம், கிருஷ்ணகிரி என்று இயற்கை விவசாயச் சான்று வாங்கின மாந்தோப்பு வைத்திருக்கிற எல்லாரும் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம் என்கிறார் வக்கீல். சென்னையிலும் பெங்களூரிலும் வீட்டு வாசலில் பெட்டி இறக்கும் ஆப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மேல் விவசாயி போட்டோ, தோட்டத்துப் பெயர், சான்று எண் எல்லாம் அச்சடித்திருக்கும்.

பேச்சு இதுதான்: கிலோ 95 ரூபாய், தோட்டத்து எடை, காய் அடுக்குகிற கிரேட்டும் வண்டியும் அவர்களுடையது. மண்டியில் அந்த வாரம் 70 ஓடிக்கொண்டிருந்தது, அதிலும் கமிஷன் போகும். வாங்க வந்த பையனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதுதான் கவிழ்த்தது. காயைத் தொட்டுப் பார்க்கும்போதே தோள் காம்பைத் தாண்டி எழும்பியிருக்கிறதா என்று பார்த்தான். வாளித் தண்ணீரில் பத்துக் காயைப் போட்டு, மூழ்கினது முற்றல், மிதந்தது பிஞ்சு என்று பிரித்தான். ஒன்பது மூழ்கியது. "அண்ணே, காம்பு ஒரு இஞ்ச் விட்டு வெட்டுங்க, கவுத்து வெச்சு பால் வடியவிட்டு அடுக்குங்க" என்றான். இப்படிச் சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்?

மே 29 முதல் பறிப்பு. 20 கிரேட், கிரேட்டுக்கு 20 கிலோ. வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் போனில் 25,000 வந்து விழுந்தது. நம்பிக்கை அந்த இடத்தில் முளைத்ததுதான். அடுத்து ஜூன் 2-ல் 26 கிரேட், ஜூன் 6-ல் 16 கிரேட். மொத்தம் 62 கிரேட், 1,240 கிலோ, 1,17,800 ரூபாய். இரண்டாவது, மூன்றாவது வண்டிக்கு ஒரு பைசா கேட்கவில்லை. "மொத்தமா செட்டில் பண்ணிடறோம்ணே" என்றார்கள், சரி என்று தலையாட்டியாகிவிட்டது. தோட்டத்து எடை என்பது போன் பேச்சோடு சரி, எழுத்தில் ஒரு வரி கிடையாது.

ஜூன் 19-ல் கணக்கு வந்தது. ரிஜெக்ட் 610 கிலோ. மீதி 630-ல் எடைக் குறைவு பத்து சதவீதம் கழித்து 567. அதில் முதல் ரகம் 280 கிலோ 95 ரூபாய்க்கு, இரண்டாம் ரகம் 287 கிலோ 60 ரூபாய்க்கு. ஆக 43,820. அதிலும் கிரேட் வாடகை, பழுக்க வைக்கும் அறைச் செலவு என்று 4,420 பிடித்தம். நிகரம் 39,400. அட்வான்ஸ் போக 14,400 அனுப்பிவிட்டு "அக்கவுண்ட் க்ளோஸ்" என்று போட்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கில் எது நியாயம், எது அயோக்கியத்தனம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மருந்தடிக்காத தோப்பில் பழுக்கும்போது கொஞ்சம் கெடும். காம்பழுகலும் கரும்புள்ளியும் பூஞ்சை வேலை. பூவிலும் பிஞ்சிலும் ஒட்டிக்கொண்டு காய்க்குள் சும்மா கிடக்கும். பறித்த அன்று தோல் பளிச்சென்று இருக்கும், ஐந்தாறு நாள் கழித்துப் பழுக்கும்போதுதான் கறுப்பு கிளம்பும். 52 டிகிரி வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிஷம் முக்கி எடுத்தால் கரும்புள்ளி நன்றாகக் குறையும், மருந்தே வேண்டாம். அந்த வேலை பழுக்க வைக்கிறவனுடையது. அதையும் மீறி பத்துக்கு ஒன்று கெட்டால் வாயை மூடிக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி எந்த ஊர் நியாயம்? எடைக் குறைவும் அப்படித்தான். பறித்த காய் பழுக்கிறவரை நீர் இழந்து எடை குறையத்தான் செய்யும், ஆனால் தோட்டத்து எடைக்கு விலை பேசினால் அது வாங்கினவன் பாடு. நம் தலையில் அதை ஏற்றுவது பேச்சு மாறுவது. பழுக்க வைக்கும் அறைச் செலவைத் தோட்டக்காரனிடம் பிடிப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ரிஜெக்ட் ஆன பழம் எங்கே என்று கேட்டதற்கு நான்கு போட்டோ வந்தது. அதைப் பெரிசு பண்ணிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அந்தப் பழங்களில் காம்பே இல்லை. காம்பு இருந்த இடத்தில் பிடுங்கின குழி, குழியிலிருந்து பால் வழிந்து தோலைச் சுட்ட கறுப்புக் கோடு. உலுக்கி விழுந்த காயில்தான் அப்படி வரும். காம்போடு வெட்டிக் கவிழ்த்து அடுக்கின காயைப் பிறகு ஒட்ட நறுக்கினாலும் அங்கே காய்ந்த பொத்தான் போல ஒரு முடிச்சு நிற்கும், குழி விழாது. இன்னொன்று, பழம் முழுக்க மஞ்சள். இமாம்பசந்த் பழுத்தாலும் பச்சை கலந்துதான் நிற்கும். அது யார் தோப்புக் காயோ, என்ன ரகமோ.

கேட்டதற்குக் கிடைத்த பதில்களை அப்படியே போடுகிறேன். "அண்ணே, க்யூசி (தரம் பார்க்கிற) டீம் ரிப்போர்ட், என் கையில ஒண்ணும் இல்ல." இரண்டு நாள் கழித்து, "மேடம் லீவுல இருக்காங்க." பிறகு, "அந்தத் தம்பி ரிசைன் பண்ணிட்டாரு சார், புதுசா மெயில் போடுங்க." மெயிலுக்கு, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று தானாக வருகிற பதில். நேற்று ராத்திரி கடைசியாக: "ஐயா, செட்டில்மெண்ட் முடிந்த விஷயம், மேலும் தொடர்புகொள்ள வேண்டாம்." 78,400 ரூபாய்க்கு இந்த ஒரு வரி.

பணத்தை விடப் பெரிய வயிற்றெரிச்சல் சான்று. வேறொரு வேலையாக சென்னை போன சொந்தக்காரர் ஒரு வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்து போட்டோ அனுப்பினார். தோட்டத்துப் பெயர் நம்முடையது, சான்று எண் நம்முடையது, பேக்கிங் தேதி ஜூன் 24. கடைசிக் காய் மரத்தை விட்டு இறங்கியது ஜூன் 6. அந்த வீட்டில் ஒரு பழத்தை அறுத்தபோது மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு, கொட்டை வெள்ளை வெளேரென்று கத்தி இறங்கும் பதத்தில். முற்றாத காயைப் பிடித்துப் பழுக்க வைத்ததற்கு அந்தக் கொட்டையே சாட்சி. கல் வைத்தார்களா கேஸ் அடித்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். கார்பைட் கல் 2011 விதிகளிலேயே தடை. எத்திலீன் கேஸுக்கு அனுமதி உண்டு, ஆனால் எந்த கேஸும் பிஞ்சுக் காயை இனிப்பாக்காது.

இது எப்படி நடக்கிறது என்றால், நம்மிடம் இருக்கிற ஸ்கோப் சர்டிபிகேட்டில் பயிர், பரப்பு, உத்தேச விளைச்சல் மட்டும்தான் இருக்கும். இவ்வளவு விற்றாகிவிட்டது என்று அந்தக் காகிதம் சொல்லாது. அதைச் சொல்வது டி.சி., அதாவது ஒவ்வொரு விற்பனைக்கும் எடுக்கிற பரிவர்த்தனைச் சான்று. வாங்குகிறவர் பெயர், பில் எண், அளவு கொடுத்து விற்கிறவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இயற்கைச் சான்றுக் கணக்கு வைக்கிற அரசு இணையதளமான டிரேஸ்நெட்டில் அந்த அளவு நம் விளைச்சலிலிருந்து கழியும். 1,240 கிலோவுக்கு டி.சி. போட்டிருந்தால் அவர்கள் விற்கிற 1,241-வது கிலோவுக்குக் கணக்கு உதைக்கும். "எங்க லைசென்ஸ் ரெனியூவல்ல இருக்குண்ணே, சீசன் முடிஞ்சதும் ஒரே டி.சி.யா போட்டுக்கலாம்" என்றார்கள். சர்டிபிகேட் ஜெராக்ஸை மட்டும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். பழத்தை விட அந்த ஜெராக்ஸ்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. மண்டிக் காயெல்லாம் அந்தக் காகிதத்துக்குள் புகுந்து இயற்கை மாம்பழமாக வெளியே வந்துவிடும். நாளைக்கு யாராவது அந்தப் பெட்டிப் பழத்தை லேபுக்குக் கொடுத்து மருந்து எச்சம் வந்தால், சான்று போவது தோட்டத்துக்கு. மருந்தை விட்டு இயற்கைக்கு மாறுகிற மூன்று வருஷ மாறுகாலம் காத்திருந்து வாங்கின சான்று.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் குறுக்கே வாங்குகிறவர் பெயர், அளவு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வெறும் ஜெராக்ஸ் வேண்டவே வேண்டாம்.

டி.சி. பிறகு என்றால் காயும் பிறகுதான்.

முதல் வண்டிப் பணம் முழுசா வராமல் இரண்டாவது வண்டிக்கு ஏணி சாத்தாதீர்கள். அட்வான்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம்.

தோட்டத்து எடை, ரிஜெக்ட் சொல்ல எத்தனை மணி நேரம், ரிஜெக்ட் பழம் யாருக்கு, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். தராசு டிஸ்ப்ளேயோடு கிரேட்டை போட்டோ எடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்து மாட்டியிருந்தால் பணத்துக்கு அலைவதற்கு முன்னால் சான்று கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், கடைசிப் பறிப்புத் தேதியோடு. இங்கே அது நேற்றே போய்விட்டது, பெட்டி போட்டோவோடு. உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல். ஸ்டேஷனில் குறைந்தது புகார் வாங்கினதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பக் கூடாது.

ஆகஸ்டில் சீத்தாப்பழத்துக்கு இதே ஆட்கள் மலைப்பக்கம் வருவார்கள். வேறு பெயரிலும் வரலாம், வாளித் தண்ணீரோடு.