ஈ-விசாவா, ஓசிஐ அட்டையா?

தைப்பூசக் காவடி இறக்கியதும் மொரீசியசில் ரோஸ்ஹில் பக்கம் பேச்சு பழனிக்குத் திரும்பிவிடும். இப்போது கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இந்தியா போக இணையத்தில் எடுக்கும் ஈ-விசா போதுமா, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையே எடுத்துவிடலாமா?

ஈ-விசாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா ஈ-விசா இலவசம். 30 நாள், 1 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று வகை. வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம் பிடிஎஃப்பாக, அவ்வளவுதான். அசல் தளம் மாதிரியே போலித் தளங்கள் உண்டு. நமக்குக் கட்டணமே கிடையாது என்பதால், சுற்றுலா விசாவுக்குப் பணம் கேட்டால் தப்பான கதவைத் தட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சென்னையிலோ திருச்சியிலோ கோவையிலோ இறங்கலாம்.

ஓசிஐ வேறு கதை. முன்பு கொள்ளுப்பேரன் தலைமுறையோடு நின்றது. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் முர்மு இங்கே வந்தபோது, மொரீசியசுக்காரருக்கு மட்டும் ஏழாவது தலைமுறை வரை என்று அறிவித்தார். 1834 முதல் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாம். நான்கு தலைமுறைக் கணக்கு எத்தனை வீட்டுக்கு எட்டும்?

எட்டினாலும் காகிதம் வேண்டும். எங்கள் அத்தை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பாட்டனைத் தேடினார். கிடைத்த பதிவில் ஒரு எண், கப்பல், ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. 'இடது புருவத்துக்கு மேல் வெட்டுத் தழும்பு' என்பதைப் படித்ததும் அத்தை தன் புருவத்தைத் தடவிக்கொண்டார். சிக்கல் அதன் பிறகுதான். ஒரே சுப்பிரமணியன், மகனின் பிறப்புச் சான்றில் 'சூப்ரமணியேன்', பேரனுடையதில் 'சூப்ராயேன்'. பிரெஞ்சுக் காதில் விழுந்ததை எழுதிவைத்த குமாஸ்தாக்களின் கைங்கரியம். மூவரும் ஒரே கிளைதான் என்று சத்தியக் கடதாசி எழுதி நிரூபிக்க மாதக்கணக்கில் ஆனது.

கைக்கு வந்தால் ஆயுளுக்கும் செல்லும். எத்தனை நாள் தங்கினாலும் போலீஸ் பதிவு வேண்டாம். ஆனால் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, கல்வெட்டு ஆராய்ச்சி என்று போனால் தனி அனுமதி வாங்க வேண்டும். பிள்ளையை அங்கே படிக்க வைப்பவருக்கும், ஆண்டில் பாதி அங்கேயே இருப்பவருக்கும் எடுக்கத் தகும். ஐந்து ஆண்டுக்கொருமுறை கோயிலும் புடவைக்கடையும் பார்த்துவிட்டு வருபவர் ஈ-விசாவோடு நிற்பதே என் கணிப்பில் சரி.

நோய்த் தடுப்புக்காகத் தனிமையில் வைக்கும்போது இரண்டுமே உதவாது. மலிவு டிக்கெட்டுக்காக நைரோபி வழியாகப் போய் அங்கே ஓரிரவு வெளியில் தங்கினால், மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசியைப் பயணத்துக்கு 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். திரும்பும்போது செடி, விதை, பச்சைப் பழம் எதற்கும் இங்கே இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை. நம் கறிப்பூலே, அதாவது கறிவேப்பிலை, முற்றத்திலேயே தழைக்கிறது, இருந்தும் அத்தை கன்று ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். விமான நிலையத்திலேயே அது போய்விட்டது.

அவர் போனது ஈ-விசாவில்தான். ஓசிஐ கோப்பு இன்னும் நகரவில்லை. பதிவேட்டின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை.