டெக்சாஸ்ல 65 வயசா? வீட்டு வரிக்கு எக்ஸெம்ப்ஷனா, டிஃபெரலா?

ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு குழப்பிக்கிறவங்க நிறைய பேரு. எக்ஸெம்ப்ஷன்னா வரியே குறையும், டிஃபெரல்னா வரி அப்படியே இருக்கும், இப்போ கட்ட வேணாம், அவ்ளோதான்.

2025-லேருந்து சொந்த வீட்ல குடியிருக்குறவங்களுக்கு ஸ்கூல் டாக்ஸ்ல (வீட்டு வரில பள்ளிகளுக்குப் போற பங்கு) வீட்டு மதிப்புலேருந்து 1,40,000 டாலர் கழிச்சுடுவாங்க, 65 ஆனா மேல இன்னொரு 60,000, அப்போ 3,50,000 டாலர் வீடுன்னா வெறும் 1,50,000-க்குத்தான் ஸ்கூல் வரி. இதோட அந்த வரித் தொகைக்கு சீலிங்கும் வந்துடும், வீட்டு மதிப்பு ஏறினாலும் அது ஏறாது (புதுசா ரூம் இழுத்து கட்டினா மட்டும் ஏறும், ரிப்பேருக்கு இல்ல). அப்ளை பண்ண ஃபீஸ் கிடையாது, அதனால காசு குடுத்தா பண்ணித்தரோம்னு லெட்டர் வந்தா குப்பையில போடுங்க.

டிஃபெரல் வேற கதை. 65 ஆனவங்க கவுன்டி அப்ரைசல் ஆபீஸ்ல (வீட்டு மதிப்பு போடுற ஆபீஸ்) அஃபிடவிட் (சத்தியப் பத்திரம்) குடுத்தா அந்த வீட்ல இருக்கறவரைக்கும் வரிக்காக வீட்டை எடுக்க முடியாது. ஆனா வருஷத்துக்கு 5% வட்டி ஓடிட்டே இருக்கும், 4,000 டாலர் தள்ளிவச்சா வருஷம் 200 டாலர். வீட்டை வித்தா மொத்தமா கட்டணும், உங்க காலத்துக்கு அப்புறம்னா மொத்தமா புள்ளைங்க தலையில விழும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தா பேங்க் ஒத்துக்குமான்னு முதல்ல கேட்டுடணும்.

என்னைக் கேட்டா எக்ஸெம்ப்ஷன யோசிக்காம போடுங்க, டிஃபெரல், மருந்து வாங்கவே காசு இழுபறின்னா மட்டும்.