ஓரம் பிடிக்க எந்தக் கருவி: எது என்ன தப்பு செய்ய விடும்?

மில்லிங் மெஷினின் வைஸில் ஜாப்பை, அதாவது வெட்டப்போகும் துண்டை, கட்டியாயிற்று. இனி கட்டரைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மையம் ஜாப்பின் ஓரத்துக்கு நேர் மேலே எப்போது வருகிறது என்று தெரிய வேண்டும். எல்லா அளவும் தொடங்கும் பூஜ்யம் அங்கேதான். இதற்கான கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் பெட்டியில் அச்சடித்த மைக்ரான் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கைச்சக்கரம் கொஞ்ச தூரம் சும்மாவே சுற்றுகிற வீட்டு மெஷினில் 5 மைக்ரானுக்கும் 10 மைக்ரானுக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? நான் பார்ப்பது வேறு. அவசரத்தில் இருக்கும்போது இது என்னை என்ன தப்பு செய்ய விடும்?

முதலில் சுழலும் எட்ஜ் ஃபைண்டர். இரண்டு துண்டுகள், உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஸ்பிண்டிலின் கோலட் என்ற பிடிப்பானில் பிடித்து 600 முதல் 1000 ஆர்பிஎம் வரை சுற்றவிட்டால் கீழ்முனை தள்ளாடும். ஜாப் மெல்ல வந்து தொடத் தொட ஆட்டம் குறையும், ஒரு கட்டத்தில் முனையும் உடலும் ஒரே கம்பி போலச் சுழலும். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினால் முனை சட்டென்று பக்கவாட்டில் உதைத்து விலகும். அந்த உதைதான் விடை. அப்போது ஸ்பிண்டில் மையம் ஓரத்திலிருந்து முனை விட்டத்தில் சரிபாதி தள்ளி நிற்கிறது. பேட்டரி கிடையாது, பிளாஸ்டிக்கானாலும் மரமானாலும் கவலையில்லை. வேகத்தை மட்டும் கண்டபடி ஏற்றக் கூடாது. ஸ்பிரிங் நீண்டு முனை வீசியடிக்கும், முகத்துக்கு நேரே நிற்பது நாம்தான்.

இது செய்ய விடுகிற தப்பு கணக்கில் இருக்கிறது. ஒருமுறை உதையைப் பார்த்த சந்தோஷத்தில் அங்கேயே பூஜ்யம் போட்டுவிட்டு, ஒரு தட்டில் ஆறு துளைகளும் போட்டு முடித்தேன். ஒவ்வொன்றும் மிகத் துல்லியமாக 5 மி.மீ. தள்ளி இருந்தது. முனை 10 மி.மீ., பாதியைக் கூட்ட மறந்திருக்கிறேன். அங்குல அளவு ஃபைண்டர்களில் முனையை 0.200 அங்குலமாக வைப்பதற்குக் காரணம் இதுதான்: பாதி 0.100, மனக்கணக்கில் தடுமாறாது. மறதிக்கு அதுவும் மருந்தில்லை.

அடுத்தது விளக்கு எரியும் ரகம். பார்க்க அழகு, வாங்கத் தோன்றும். நுனியில் ஒரு உருண்டை, ஜாப்பைத் தொட்டதும் மின்சுற்று மூடி விளக்கு எரியும். ஸ்பிண்டில் சுற்றவேண்டியதில்லை. நைலான், அனோடைஸ் செய்த அலுமினியம் போன்ற மின்சாரம் கடத்தாத பரப்பில் விளக்கு எரியவே எரியாது. எரியவில்லையே என்று நாம் சக்கரத்தை இன்னும் திருப்பிக்கொண்டிருப்போம். அதைவிட மோசம், ஸ்பிண்டில் நிற்பதால் சக்கின் ரன்அவுட், அதாவது கருவி ஸ்பிண்டில் அச்சைவிட்டு விலகி நிற்கும் பிழை, முழுவதும் அளவில் சத்தமில்லாமல் ஏறிவிடும். டிரில் சக்கில் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு எதிர் ஓரங்களுக்கு நடு வேண்டுமென்றால், ஓர் ஓரத்தைத் தொட்டபின் ஸ்பிண்டிலைக் கையால் 180 டிகிரி திருப்பி, உருண்டையின் அதே புள்ளி மறு ஓரத்தைத் தொடும்படி செய்யுங்கள். ரன்அவுட்டும் உருண்டையின் ஆரமும் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய் நடு சரியாக வரும். திருப்பாமல் தொட்டால் ரன்அவுட் பிழை அப்படியே நிற்கும். திருகின் பேக்லாஷ், அதாவது திசை மாற்றும்போது சக்கரம் சும்மா சுற்றும் அந்தத் தூரம், தனிக் கதை. டேபிளின் இடத்தை நேரடியாக எண்ணில் காட்டும் டிஆர்ஓ இல்லாத மெஷினில் இரண்டு வாசிப்பையும் ஒரே திசையில் வந்தே எடுக்க வேண்டும்.

தொடும் முனையும் டயலும் சேர்ந்த 3டி டேஸ்டர்தான் எல்லோரும் ஆசைப்படுவது. ஜெர்மனியின் ஹைமர் செய்வது பிரபலம். முள் பூஜ்யத்துக்கு வந்தால் ஸ்பிண்டில் மையம் ஓரத்துக்கு நேர் மேலேயே இருக்கும். பாதியைக் கூட்டுவது கழிப்பது எதுவும் இல்லை. என் ஆறு துளைகளும் பிழைத்திருக்கும். அதற்காகவே இந்தக் கருவிக்குக் காசு கொடுக்கலாம், மைக்ரானுக்காக அல்ல. எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் ஒரே கருவி போதும்.

ஆனால் சின்ன மெஷினில் இதன் உயரம் பெரிய தொல்லை. டேஸ்டரைக் கழற்றிக் குட்டையான கட்டரை மாட்டினால் ஸ்பிண்டில் இருக்கும் தலையை இறக்க வேண்டியிருக்கும். உருளைத் தூண் மெஷினில் தலையை அசைத்தாலே அது சற்றுத் திரும்பிவிடும், பாடுபட்டுக் கண்டுபிடித்த பூஜ்யம் போயே போயிற்று. அப்புறம், மாட்டும்போது ஒருமுறை ரன்அவுட்டைத் திருகுகளால் சரிசெய்துகொள்ள வேண்டும். பழக்கதோஷத்தில் ஸ்பிண்டில் சுவிட்சைத் தட்டிவிட்டால் அன்றோடு சரி.

துளையின் மையம் வேண்டுமென்றால் இவை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு லீவர் டயலை, அதாவது சின்ன நெம்பு முனை அசைவதை முள்ளில் காட்டும் டயலை, எடுங்கள். ஸ்பிண்டிலில் மாட்டிக் கையால் சுற்றி, நான்கு பக்கமும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை டேபிளை நகர்த்துவது. நேரம் பிடிக்கும். பதிலுக்கு ரன்அவுட் இதைத் தொடாது, ஏனென்றால் டயல் சுற்றுவதே ஸ்பிண்டிலின் அச்சைச் சுற்றித்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர் வாங்கவேண்டியது எது என்று கேட்டால் சுழலும் ஃபைண்டர், அதன்பின் லீவர் டயல். டேஸ்டர் மூன்றாவது, அதுவும் தலை நேராக ஏறி இறங்கும் மெஷின் இருந்தால். விளக்கு ரகத்தை நான் இப்போது எடுப்பதே இல்லை.

ரம்பத்தில் அறுத்த கரடுமுரடான முகத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சாதாரண அச்சுத் தாளில் ஒரு துண்டைக் கட்டருக்கும் ஜாப்புக்கும் நடுவில் பிடியுங்கள். கட்டர் சுற்றாமல் நிற்கட்டும், ஒரு பல் ஓரத்தைப் பார்த்திருக்கட்டும். தாள் இழுபட மறுக்கும் இடத்தில் கட்டரின் ஆரத்தோடு தாளின் 0.1 மி.மீ. சேர்த்துக்கொண்டால் போதும். அதற்கு முன் ஓரத்துப் பிசிறை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.